நன்றி சொல்லும் தொழிற்பயிற்சி

பிளஸ் டூ முடிக்கும் மாற்றுத்திறனாளி மாணவருக்கு நம் ஊரில் ஒரே ஒரு தொழில்தான் பழுதில்லாமல் கற்றுத் தரப்படுகிறது. நன்றி சொல்லும் தொழில். சின்ன வகுப்பிலேயே பயிற்சி தொடங்கிவிடும். மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 வந்தால் மேடை, பொன்னாடை, மைக். பார்வையில்லாத பிள்ளை பாட வேண்டும். காது கேளாத பிள்ளை ஆட வேண்டும். நடக்க முடியாத பிள்ளை புதுச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, அதைத் தந்தவர் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரிக்க வேண்டும். தானாகத் திரும்பாவிட்டால் போட்டோகிராபர் வந்து திருப்பிவிடுவார். இந்தப் பாடத்தில் யாரும் தோற்றதாகத் தகவல் இல்லை.

மற்ற பாடங்களுக்கு வருவோம்.

சட்டத்தில் குறை சொல்லிவிடக் கூடாது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் கண்ணால் கண்டது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைகளைக் கண்டுகொண்டது. 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, உயர்கல்வியில் 5 சதவீத இடம், அரசு வேலையில் 4 சதவீதம். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர், மொழிப்பாட விலக்கு. எல்லாம் அச்சில் இருக்கிறது. பள்ளியின் கடைசி நாளுக்கும் அந்த 5-க்கும் 4-க்கும் நடுவே கிடக்கும் பள்ளத்தைப் பிள்ளையை யார் கைபிடித்துத் தாண்டவைப்பது என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டார்கள். அமெரிக்கச் சட்டத்தில் மாணவருக்கு 16 வயது ஆவதற்குள் அவருடைய பிற்கால வாழ்க்கைக்கு எழுத்தில் ஒரு திட்டம் இருந்தாக வேண்டும். அதைப் பேசும் கூட்டத்துக்கு மாணவரையும் அழைத்தாக வேண்டும். அங்கேயும் அது ஒழுங்காக நடப்பதில்லை என்று பெற்றோர் சண்டை போடுகிறார்கள். போடட்டும், சண்டை போடக் கையில் ஒரு தாளாவது இருக்கிறது.

நம் பிள்ளைக்கு 16 வயதில் நடப்பது வேறு. அலுவலகத்துக்குப் போனால் அதிகாரி பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். “தம்பி என்ன பண்ணுவான்மா?” என்று அம்மாவைக் கேட்பார். தம்பி அங்கேயேதான் நிற்கிறான். அவனுக்கு வாய் இருக்கிறது, விருப்பமும் இருக்கிறது, இயற்பியலில் அந்த அதிகாரியைவிடக் கூடுதல் மதிப்பெண்கூட இருக்கலாம். அம்மா தயங்கிக்கொண்டே, “ஏதோ உங்க தயவுல ஒரு வழி பண்ணிவிட்டீங்கன்னா…” என்று இழுப்பார். பையன் அன்றைக்கு ஒன்று கற்றுக்கொள்கிறான்: தன் எதிர்காலம் என்பது வேறு இரண்டு பேர் பேசி முடிக்கும் விஷயம்.

பிறகு உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சி. அரங்கம் மாடியில் இருக்கும். லிஃப்ட் உண்டு, அதில் ‘பழுது’ என்று எழுதிய தாளும் உண்டு. 2015-ல், அதுவும் ஒரு டிசம்பர் 3-ல், மத்திய அரசு ‘சுகம்ய பாரத்’ என்ற இயக்கத்தைத் தொடங்கியது. நாட்டின் கட்டடங்களெல்லாம் எல்லோருக்கும் திறந்துவிடும் என்றார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உண்மை நிலவரத்தைப் போட்டு உடைத்தது: அணுகல் தரங்களைக் கட்டாயமாக்காமல் வெறும் பரிந்துரையாக விட்டுவைத்த 15(1)-ஆம் விதி, தன் தாய்ச் சட்டமான 2016 உரிமைகள் சட்டத்துக்கே முரண் என்று ரத்தானது. அதாவது சாய்தளம் இத்தனை நாளும் ஒரு யோசனையாகத்தான் இருந்திருக்கிறது. யோசனை மேல் சக்கர நாற்காலி ஏறாது.

எப்படியோ தூக்கிக்கொண்டு போய் மாடியில் உட்காரவைத்துவிட்டார்கள் என்று வையுங்கள். பேச்சாளர் திரையைக் காட்டி, “இந்த ஸ்லைடுல பார்த்தீங்கன்னா…” என்று ஆரம்பிப்பார். முன்வரிசையில் இருப்பவர்கள் பார்வையற்ற மாணவர்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. அவருக்கு மேடைகளில் டிசம்பர் 3 அன்று மட்டும்தான் வேலை. அடுத்து ஹெலன் கெல்லர் வருவார், ஸ்டீபன் ஹாக்கிங் வருவார். ஹாக்கிங்கைத் தாங்கிப் பிடிக்கக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இருந்தது என்ற சிறு தகவல் வராது. 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்ற மாரியப்பன் வருவார். 2015-ல் முழுப் பார்வையின்மையுடன் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த பெனோ ஜெஃபைன் வருவார். பெனோவின் தன்னம்பிக்கையைப் பற்றி அரை மணி நேரம் பேசும் அந்தப் பேச்சாளர், அவர் திரைவாசிப்பு மென்பொருளை வைத்துக்கொண்டு படித்தவர் என்பதை அரை நிமிடம் சொல்ல மாட்டார். அப்படியொரு மென்பொருள் என்விடிஏ. காசே இல்லாமல் கிடைக்கிறது. பேச்சாளரின் கார் வாடகையைவிட மலிவு. ஒரு மதியம் உட்கார்ந்து அதைச் சொல்லிக் கொடுத்தால் பார்வையற்ற மாணவர் யார் தயவும் இல்லாமல் தன் விண்ணப்பத்தைத் தானே நிரப்பத் தொடங்குவார். அங்கேதான் சிக்கல். தானே நிரப்பிவிட்டால் பிறகு யாருக்கு நன்றி சொல்வார்?

சென்னை மாநிலக் கல்லூரியில் காது கேளாத மாணவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன. ராமநாதபுரத்துப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில் இருக்கும் காது கேளாத பெண்ணுக்கு இது யார் வழியாகத் தெரியும்? சேர்க்கை முடிந்த பிறகு, பெரும்பாலும் பக்கத்து வீட்டார் வழியாக.

கல்லூரி சரிவராதவர்களுக்குத் ‘தொழிற்பயிற்சி’ காத்திருக்கிறது. மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, பேப்பர் கவர், அகல் விளக்குக்கு வர்ணம் பூசுவது. நாற்காலி பின்னுவது தனிப் பெருமை. பிளாஸ்டிக் நாற்காலி கல்யாண மண்டபம் வரை வந்து குடியேறிய பிறகும் பார்வையற்றவர் கையில் நாம் பிரம்பைத் திணித்துக்கொண்டேயிருந்தோம். இந்த மெழுகுவர்த்தியை வாங்குவது யார்? தீபாவளிக்கு முன்னால் ஐடி கம்பெனி வளாகத்தில் ஒரு ஸ்டால் போடுவார்கள். அங்கே வேலை பார்ப்பவர்கள், தங்கள் பக்கத்து மேசையில் ஒரு மாற்றுத்திறனாளி ஏன் இல்லை என்று யோசிக்காமல், இருநூறு ரூபாய்க்கு ஒரு டப்பா வாங்கி மனநிறைவோடு லிஃப்டில் ஏறிப் போவார்கள். அந்த லிஃப்ட் வேலை செய்யும்.

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்குப் பதினெட்டு வயதில் உண்மையில் வேண்டியது என்ன? பேருந்தில் தனியாக ஏறிச் சரியான நிறுத்தத்தில் இறங்கத் தெரிய வேண்டும். ஐம்பது ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று தெரிய வேண்டும். வழி தவறினால் போன் போடத் தெரிய வேண்டும். கண்ட இடத்தில் எவனாவது கை வைத்தால் கூச்சல் போடத் தெரிய வேண்டும். வேலை இடத்தில் சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்தால் ஏன் என்று கேட்கத் தெரிய வேண்டும். இதற்கெல்லாம் பொதுத்தேர்வில் மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் இல்லாததை நம் பள்ளிக்கூடம் தொடாது.

தொட நினைக்கும் சிறப்பாசிரியர் ஒருவர் இருக்கிறார்தான். இத்தனை பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற விகிதத்தை அறிவிக்கும்படி 2021-ல் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் சொன்னது. நம்மவர் தொகுப்பூதியத்தில், பல பள்ளிகளை இழுத்துக் கட்டிக்கொண்டு, இந்த ஆண்டாவது நிரந்தரமாகுமா என்று போராட்டப் பந்தலுக்கும் வகுப்புக்கும் நடுவே அலைகிறார். பிள்ளைக்கு நிலையான வேலைக்கு வழிகாட்டும் பொறுப்பு இவர் தலையில்.

மருத்துவம் படிக்க ஆசைப்பட்டவர்கள் கதையைக் கேட்டால் சிரிப்பதா அறைவதா என்று தெரியாது. இடஒதுக்கீடு வேண்டுமானால் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். பேச்சுக் குறைபாட்டில் அதே 40-ஐத் தொட்டுவிட்டால் படிக்கவே தகுதியில்லை என்றது விதி. சாம்பாரில் உப்புப் போல ஊனமும் அளவோடு இருக்க வேண்டும். 44, 45 சதவீதம் என்று சான்று பெற்ற ஒரு மாணவர் உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 அக்டோபரில்தான் அந்த எண் மட்டுமே தகுதியைத் தீர்மானிக்காது என்ற தீர்ப்பு வாங்கினார். ‘இரண்டு கைகளும் முழுமையாக, உணர்ச்சியோடு, போதிய வலுவோடு’ இருக்க வேண்டும் என்ற இன்னொரு விதியை 2025 பிப்ரவரியில் தூக்கி எறிந்தார்கள். நீட் எழுதுகிற வயதில் சட்டப் புத்தகமும் படிக்க வேண்டியிருக்கிறது. மற்ற பிள்ளைகள் கோச்சிங் சென்டருக்குப் போகிறார்கள்; இவர்கள் டெல்லிக்கு.

பதினெட்டாவது பிறந்தநாள் பரிசு ஒன்றும் உண்டு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்கு அன்று காலை முதல் பெற்ற தாயும் சட்டப்படி காப்பாளர் அல்ல. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து அந்தக் காப்பாளர் உரிமையை வாங்க வேண்டும். பள்ளியில் யாராவது சொல்வார்களா? ஒரு நாள் வங்கிக் கவுன்டரில் சொல்வார்கள், பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி. வறுமைக் கோட்டுக்குக் கீழே, 80 சதவீதக் குறைபாடும் இருந்தால் டெல்லி தன் பங்காக மாதம் 300 ரூபாய் தருகிறது. ஒரு நாளைக்குப் பத்து ரூபாய். சென்னையில் ஒரு டீ வராது. மாநிலம் மேலே கொஞ்சம் போடுவதால் பன்னும் சேர்த்துச் சாப்பிடலாம்.

தனியார் நிறுவனங்களைக் கேட்காதீர்கள். அவர்கள் ஆட்களில் 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகளாக இருக்க அரசு ஊக்கத்தொகை தர வேண்டும் என்கிறது சட்டம், அரசின் ‘பொருளாதார வசதிக்கு உட்பட்டு’. சட்டத்தை முதல் முறை மீறினால் அபராதம் பத்தாயிரம் ரூபாய் வரை. ஒரு விழாவுக்கு வாங்கும் பொன்னாடைச் செலவைவிடக் குறைவு என்பதால், மீறுவதுதான் சிக்கனம்.

அடுத்த டிசம்பர் 3-க்கு ஒரு யோசனை. பாட்டும் பொன்னாடையும் வேண்டாம். பள்ளி முடித்த மாணவர்கள் கீழே வசதியாக உட்காரட்டும், தரைத்தளத்தில்தான். மேடையில் துறை அதிகாரிகள், தலைமையாசிரியர்கள், மெழுகுவர்த்தி நிறுவனத்தார், தன்னம்பிக்கைப் பேச்சாளர் என்று ஆளுக்கொரு விடைத்தாள். கேள்வி ஒன்றுதான்: சென்ற ஆண்டு உங்கள் கையில் கேடயம் வாங்கிக்கொண்டு நன்றி சொன்ன பிள்ளைகள் இன்றைக்கு எங்கே, என்ன செய்கிறார்கள்? பெயர் பெயராக எழுதவும். ஒரு மணி நேரம் கூடுதலாகத் தரலாம். கை வலித்தால் சொல்வதை எழுத ஆளும் தரலாம், மொழிப்பாட விலக்கு கேட்டால் அதையும் தந்துவிடலாம். பார்த்து எழுதவும் தடையில்லை. யார் தாளைப் பார்த்து எழுதுவார்கள் என்று பார்க்கத்தான் ஆசை.