நள்ளிரவு வானொலியில் ‘ம்’ கொட்டுதலின் இடமும் பயனும்: ஓர் ஆய்வு

சிலப்பதிகாரத்தில் சிலம்பு, கம்பனில் யானை, நாட்டுப்புறப் பாடல்களில் நாத்தனார் என்று நம் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றுக்கும் பட்டம் கொடுத்துவிட்டன. இரவு இரண்டு மணிக்கு முன்பின் தெரியாத ஒருவர் வானொலி நிலையத்தைக் கூப்பிட்டு, தன் நிலத்தில் அடியில்லாத குழி ஒன்று இருப்பதாகச் சொல்வதையும், அதை லட்சக்கணக்கானவர்கள் கண்விழித்துக் கேட்பதையும் பற்றி இதுவரை ஓர் ஆய்வேடும் வந்ததாகத் தெரியவில்லை. அந்தக் குறையைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம் அமெரிக்கா. ஆய்வாளரின் தகுதி, தூக்கம் வராமை. கருதுகோள் ஒன்றுதான்: நள்ளிரவுப் பேச்சு வானொலியைத் தாங்கி நிற்பது பேசுபொருள் அன்று, ‘ம்’ கொட்டுபவர்.

முதலில் இயற்பியல். மத்திய அலை ஒலிபரப்பைப் பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு விழுங்கிவிடுகிறது. பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோகிறது. அலைகள் மேலடுக்குகளில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இறங்குகின்றன. ஒன்றோடொன்று மோதாமல் இருக்க, சிறு நிலையங்கள் பல இரவில் சக்தியைக் குறைக்கவோ வாயை மூடவோ வேண்டும் என்பது அமெரிக்க விதி. 50,000 வாட் பெரிய நிலையங்கள் மட்டும் ஊர் ஊராகப் போய்ச் சேர்கின்றன. ஆக, மறுத்துப் பேசக்கூடியவர்கள் தூங்கப்போகும் அதே நேரத்தில் வானமே கதவைத் திறந்துவிடுகிறது. இயற்கை இந்தத் துறைக்குச் செய்துகொடுத்த ஏற்பாடு இது.

அடுத்து இலக்கணம். இத்துறையின் தலைமகன் ஆர்ட் பெல், லாஸ் வேகாஸிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, நெவாடா பாலைவனத்தில் பஹ்ரம்ப் என்ற ஊரில் தன் வீட்டிலிருந்தே ஒலிபரப்பியவர். நிலம் பாலை. பாலைக்குரிய சிறுபொழுது நண்பகல்; நிகழ்ச்சியோ யாமத்தில் நடக்கிறது, யாமம் குறிஞ்சிக்குரியது. தொலைபேசியை விடாமல் பிடித்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருப்பவரின் ஒழுக்கம் இருத்தல், அது முல்லை. ‘என் மனைவிகூட நம்பவில்லை’ என்பது இரங்கல், அது நெய்தல். இரவெல்லாம் வானொலியோடு கிடந்தவருக்கு வைகறையில் வீட்டில் கிடைக்கும் வரவேற்பு மருதத்தின் ஊடல். திணை மயங்கலாம் என்று தொல்காப்பியர் இடம் கொடுத்திருப்பதால் இதில் குற்றமில்லை. கருப்பொருளும் குறைவின்றி அமைந்திருக்கிறது. தெய்வம், வேற்றுக்கிரகவாசி. உணவு, காப்பி. மரம், ஒலிபரப்புக் கோபுரம். புள், பறக்கும் தட்டு. தொழில், லாரி ஓட்டுதலும் இரவுக் காவலும். பறைக்கு ‘மிட்நைட் எக்ஸ்பிரஸ்’ படத்துக்காக ஜியார்ஜியோ மொரோடர் போட்ட துரத்தல் இசை. அதுதான் ஆர்ட் பெல்லின் முகப்பிசை.

முன்னோடிகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 1950களில் நியூயார்க்கின் டபிள்யூ.ஓ.ஆர். நிலையத்தில் லாங் ஜான் நெபல், பறக்கும் தட்டில் ஏறி வந்தவர்களை விடிய விடியப் பேசவைத்தார். 1978 முதல் லேரி கிங் நாடு முழுக்கக் கேட்கும் இரவு நிகழ்ச்சி நடத்தினார். அவரிடம் அரசியல்வாதிகள் வந்தார்கள் என்பதால் அது நம் ஆய்வுக்குச் சற்றே குறைந்த மதிப்புடையது. ஆனால் ஜீன் ஷெப்பர்டை அப்படித் தாண்டிப்போக முடியாது. அதே டபிள்யூ.ஓ.ஆரில் இரவு ஒரு மணிக்கு மேல் பேசிக்கொண்டிருந்த அவர், உலகத்தில் இரவு மனிதர்கள், பகல் மனிதர்கள் என்று இரண்டே சாதி என்றார். 1956-இல் தன் நேயர்களிடம் ஒரு வேலை சொன்னார். காலையில் எல்லோரும் புத்தகக் கடைக்குப் போய் ‘ஐ, லிபர்ட்டீன்’ என்ற நூலைக் கேட்க வேண்டும். ஆசிரியர் ஃபிரெடரிக் ஆர். யூயிங். அப்படி ஒரு நூலும் இல்லை, ஆளும் இல்லை. கடைக்காரர்கள் திணறினார்கள். தேவை இவ்வளவு இருக்கிறதே என்று பாலண்டைன் பதிப்பகம், தியடோர் ஸ்டர்ஜன் என்ற அறிபுனை எழுத்தாளரை உட்காரவைத்து அதே ஆண்டில் நூலை எழுதி வாங்கி வெளியிட்டுவிட்டது. முதுநாரை, முதுகுருகு என்று பெயர் மட்டும் மிஞ்சி நூலைத் தொலைத்தவர்கள் நாம். பெயரை முதலில் வைத்துவிட்டு நூலைப் பின்னால் வரவழைக்கலாம் என்ற யோசனை நமக்கு ஏன் தோன்றவில்லை என்பது தனி ஆய்வுக்குரியது.

இனி ஆர்ட் பெல். 1978-இல் லாஸ் வேகாஸின் கே.டி.டபிள்யூ.என். நிலையத்தில் தொடங்கியபோது அவரும் மற்றவர்களைப்போல அரசியல்தான் பேசினார். பிறகு நிகழ்ச்சி ‘கோஸ்ட் டு கோஸ்ட் ஏ.எம்.’ ஆகி, பேய், நிழலுருவங்கள், மரணத்துக்குப் பின், பருவநிலை, குவாண்டம் இயற்பியல், அரசு மறைக்கும் ரகசியங்கள் என்று விரிந்தது. இயற்பியலாளர் மிச்சியோ காக்கு பேசிய அதே நாற்காலியில் மறுநாள் பெரும்பாதன் என்னும் காட்டுப்பூதத்தைக் கண்டவர் பேசுவார். இருவருக்கும் ஒரே மரியாதை. வேங்கடத்தையும் குமரியையும் வைத்துத் தமிழுக்கு எல்லை கட்டியதுபோல, அவர் ராக்கி மலைத்தொடரை வைத்து அழைப்பவர்களைப் பிரித்தார்: மலைக்குக் கிழக்கே உள்ளவர்களுக்கு ஓர் எண், மேற்கே உள்ளவர்களுக்கு ஓர் எண், முதல்முறை அழைப்பவர்களுக்குத் தனி எண். காலப்பயணிகளுக்கென்றே ஓர் எண் ஒதுக்கிய இரவுகளும் உண்டு. எதிர்காலத்திலிருந்து வந்தவர்கள் லைன் எப்போது காலியாகும் என்று தெரிந்தே கூப்பிட்டிருக்க வேண்டும். அவர்களும் வரிசையில்தான் நின்றார்கள்.

இன்னார் பேசலாம், இன்னார் பேசக்கூடாது என்று அழைப்புகளை முன்கூட்டி வடிகட்டும் வழக்கம் அவரிடம் இல்லை. அதன் விளைவை 1997 பிப்ரவரியில் வந்த ஓர் அழைப்பில் காணலாம். மெல் வாட்டர்ஸ் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவர் வாஷிங்டன் மாநிலத்து எல்லென்ஸ்பர்க் பக்கம் தன் நிலத்தில் உள்ள குழியைப் பற்றிச் சொன்னார். அக்கம்பக்கத்தார் பழைய ஃபிரிட்ஜ் வரை கொண்டுவந்து போடுகிறார்கள், நிரம்பவில்லை. விழுந்த சத்தமும் இல்லை. தூண்டில் நரம்பில் எடை கட்டி இறக்கிப் பார்த்தாராம். 80,000 அடி போயும் அடி தட்டவில்லை. செத்த நாயை உள்ளே போட்டவர், பிறகு அதே நாயை உயிரோடு கண்டாராம். சோவியத் அறிவியலாளர்கள் பெரும் எந்திரங்களோடு 1970-இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் துளைத்த கோலா ஆழ்துளையே 12,262 மீட்டரோடு நின்றுவிட்டது. மெல்லின் கணக்கு 24 கிலோமீட்டருக்கு மேல். அதுவும் தூண்டிலில்.

இதைக் கேட்ட ஆர்ட் பெல் சிரிக்கவில்லை. கிணறு வெட்டுகிறவரிடம் கணக்குக் கேட்பதுபோல எவ்வளவு ஆழம், என்னென்ன போட்டீர்கள் என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டே போனார். இங்கேதான் நம் கருதுகோள் உறுதிப்படுகிறது. பாட்டி கதை சொல்லும்போது ‘ம்’ நின்றால் பிள்ளை தூங்கிவிட்டது என்று கதையும் நிற்கும். வானொலியில் ‘ம்’ நின்றால் விளம்பரம் வரும். ‘ம்’ மூன்று வகைப்படும். குற்றொலி ‘ம்’, மேலே சொல் என்பது. நெட்டொலி ‘ம்ம்’, நான் நம்புகிறேன் என்று எங்கும் சொல்லவில்லை என்பது. மூன்றாவது மௌனம், பேசுகிறவர் பயந்துபோய்த் தானே இன்னும் இரண்டு விவரம் சேர்ப்பார். பிற்காலத்தில் தேடிப் பார்த்தவர்களுக்கு அந்த மாவட்டத்துப் பதிவேடுகளில் மெல் வாட்டர்ஸும் கிடைக்கவில்லை, குழியும் கிடைக்கவில்லை. நேயர்கள் கிடைத்தார்கள், அவர்களே போதும்.

1997 செப்டம்பர் 11 இரவு, ஏரியா 51 ராணுவத் தளத்தின் ஊழியர்களுக்கென ஒதுக்கிய எண்ணில் ஒருவர் அழுதுகொண்டே பேசினார். பேசிக்கொண்டிருக்கும்போதே செயற்கைக்கோள் இணைப்பு அறுந்து ஒலிபரப்பு நின்றது. மறு ஆண்டு ஒருவர் அழைத்து, அது என் நடிப்பு என்றார். ஆனால் நடிப்புக்குச் செயற்கைக்கோள் ஏன் ஒத்துழைத்தது என்ற கேள்வியை நேயர்கள் இன்னும் விடவில்லை. மறுப்பு வந்தால் கதை முடியும் என்பது பகல் மனிதர்களின் மூடநம்பிக்கை.

‘ம்’ கொட்டுவதற்கு வரம்பு உண்டா என்ற கேள்வியில் மட்டும் ஆய்வாளர் சிரிப்பை நிறுத்திக்கொள்கிறார். 1996 நவம்பரில், ஹேல்-பாப் வால்நட்சத்திரத்தின் அருகே ஏதோ ஒன்று கூடவே வருகிறது என்று பொழுதுபோக்காக வானம் பார்க்கும் ஒருவர் இந்நிகழ்ச்சியில் சொன்னார். அது சாதாரண நட்சத்திரம் என்று வானியலாளர்கள் காட்டிவிட்டார்கள். 1997 மார்ச்சில் கலிபோர்னியாவில் ‘ஹெவன்ஸ் கேட்’ குழுவினர் 39 பேர், வால்நட்சத்திரத்தின் பின்னால் விண்கலம் வருவதாக நம்பி உயிரை விட்டார்கள். அந்த வதந்திக்கு வேறு வழிகளும் இருந்தன. பழி முழுவதையும் வானொலியின் தலையில் கட்ட முடியாது. இருந்தாலும் சில இரவுகளில் ‘ம்’ என்பதற்குப் பதில் ‘இல்லை’ என்று சொல்லியிருக்கலாம்.

1998-இல் ஐயவாதிகளின் அமைப்பு ஒன்று ஆர்ட் பெல்லுக்கு ‘அணைந்த மெழுகுவர்த்தி’ விருது கொடுத்துக் கேலி செய்தது. 2003 முதல் நிகழ்ச்சியை ஜார்ஜ் நூரி நடத்துகிறார். ஆர்ட் பெல் காலமானது 2018 ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை. பதிமூன்றும் வெள்ளியும் சேர்ந்த நாளை அமெரிக்கர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரிந்தவர்களுக்கு, அவருடைய நேயர்கள் அதைத் தற்செயல் என்று விட்டிருப்பார்களா என்பதும் தெரியும்.

பரிந்துரைகள். நம் ஊரில் இரவு வானொலியின் பேசுபொருளை இளையராஜா எப்போதோ தீர்மானித்துவிட்டார். அதில் கைவைக்கும் துணிவு இவ்வாய்வுக்கு இல்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம் கேட்கிறோம், அவ்வளவுதான். தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி தரக்கூடாது என்பது அரசு விதி. பேயும் பறக்கும் தட்டும் செய்தியல்ல என்பதால் சட்டத் தடை எதுவும் இருக்காது என்று நம்புகிறோம். பழைய மகாபலிபுரம் சாலையில் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பவர்களும், கோயம்பேட்டுக்குக் காய்கறி ஏற்றி வருபவர்களும் விழித்துத்தான் இருக்கிறார்கள். சொல்ல அவர்களிடம் விஷயம் இருக்கும். ‘ம்’ கொட்ட ஆள் போடுங்கள்.

இக்கட்டுரைக்கான வாய்மொழித் தேர்வை இரவு இரண்டு மணிக்கு வைக்க வேண்டும் என்று பல்கலைக்கழகத்தைக் கேட்டுக்கொள்கிறோம். ஐயமுள்ள வாசகர்களும் அந்நேரத்திலேயே அழைக்கலாம். மறுப்புள்ளவர்கள் தயவுசெய்து தூங்கவும்.