குப்புற விழ என்ன அவசரம்?

கேள்வி: என் பேரனுக்கு நான்கு மாதம். பக்கத்து லயத்துப் பிள்ளை குப்புற விழுந்துவிட்டது. இவன் மல்லாந்தே கிடந்து சிரிக்கிறான். சோம்பேறியா?
– தோட்டத்துப் பாட்டி, பெஸ்தாரி ஜெயா

பதில்: விழுந்தால் ஊரே கைதட்டும் வயது இது ஒன்றுதான் பாட்டி, நிதானமாக விழட்டுமே! பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களே, குழந்தை தலைநிமிர்ந்து ஆடும் செங்கீரைப் பருவத்துக்கு ஐந்தாம் மாதம் வரை பொறுத்திருந்தார்கள். குப்புற விழுவது நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். சிரிக்கிறான் என்றீர்களே, எனக்கு அதுதான் பெரிய செய்தி.

ஆனால் கழுத்து நிற்காமல் தொங்கினாலோ, உங்கள் குரல் கேட்டும் அசையாமல் இருந்தாலோ, ஐந்தாம் மாத ஊசி வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளையின் பதிவுப் புத்தகத்தோடு நாளைக்கே அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள்.