யார் கையும் படாத அட்டைகள்

பேஸ்பாலில் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் மட்டையாளர் நடையைக் கட்ட வேண்டியதுதான்; பந்து வீசிய பிட்சர் பெயரில் ஒரு ஸ்ட்ரைக்அவுட் ஏறும். அமெரிக்காவில் வீரர்களின் படம் போட்ட பழைய பேஸ்பால் அட்டைகளைச் சேர்ப்பவர்களில் ஒரு சாரார், ஏதாவதொரு பருவத்தில் இந்தக் கணக்கில் முதலிடம் பிடித்த பிட்சர்களை மட்டுமே தேடுகிறார்கள். மட்டையாளர் மிக்கி மேன்டிலின் 1952ஆம் ஆண்டு அட்டை ஒன்று 2022இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. மட்டையாளர்கள் பக்கம் தலைவைத்துப் படுக்க வழியில்லாதவர்களிடம் பிட்சர்கள் கொஞ்சம் கருணை காட்டுகிறார்கள்.

மிகப் பழையவற்றில் பெயர்பெற்றது டி206 வரிசை. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தது. பன்னிரண்டு பருவங்களில் முதலிடம் பிடித்த வால்டர் ஜான்சன் இதில் உண்டு. அவருடைய மொத்தக் கணக்கை 1983 வரை யாரும் தாண்டவில்லை. ஆனால் கதை சொல்ல ஏற்றவர் ரூப் வாடெல்தான். 1902 முதல் 1907 வரை தொடர்ந்து ஆறு பருவம் அமெரிக்கன் லீகில் முதல்வர்; 1904இல் மட்டும் 349 ஸ்ட்ரைக்அவுட். தீயணைப்பு வண்டியைக் கண்டால் பின்னாலேயே ஓடிவிடுவார் என்பார்கள். அக்காலத்தில் வெளியூரில் இரண்டு வீரர்களுக்கு ஒரே கட்டில். வாடெல் படுக்கையில் பிஸ்கட் தின்னக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தால்தான் கையெழுத்து என அவருடைய கேட்சர் அடம்பிடித்தாராம். அட்டையில் மனிதர் பரம சாது.

சிகரெட்டுக்குப் பின் பபிள்கம் வந்தது. புரூக்ளினின் டாப்ஸ் கம்பெனி 1961இல் முந்தைய பருவத்து ஸ்ட்ரைக்அவுட் முன்னணியாளர்களுக்கென்றே தனி அட்டை போட்டது. டான் டிரைஸ்டேல், சாண்டி கூஃபாக்ஸ் உட்பட நான்கு தலைகள், ஷேர் ஆட்டோ போல. கூஃபாக்ஸின் 1955 அறிமுக அட்டைக்கு ஆகும் செலவில் சிறு பங்குக்கு இங்கே அவரை வாங்கிவிடலாம்.

1968 டாப்ஸின் 177ஆம் எண் அட்டையில் இரண்டு புதுமுகப் பிட்சர்கள். ஜெர்ரி கூஸ்மன் அந்த ஆண்டே 19 ஆட்டங்களை வென்றார். பக்கத்திலிருந்த நோலன் ரயன் வென்றது ஆறு. ரயன் பிற்பாடு 1973இல் ஒரே பருவத்தில் 383 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தார்; வாழ்நாளில் 5,714 என்று யாரும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டார். இன்று அட்டையின் விலை ரயனுக்கு. கூஸ்மன் உடன் வருகிறார், அவ்வளவே.

விலையை முடிவுசெய்வது பந்துவீச்சு மட்டுமல்ல, நான்கு மூலைகளும்தான். பையன்கள் அட்டைகளை சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகிப் படபடக்க விட்டார்கள். ரப்பர் பேண்ட் போட்டு ஓரத்தை நசுக்கினார்கள். பபிள்கம் தன் பங்குக்குக் கறை வைத்தது. 1971 டாப்ஸ் அட்டைகளின் கறுப்பு ஓரமோ உற்றுப் பார்த்தாலே உதிர்ந்துவிடும் போலிருக்கும். 1991இல் தொடங்கிய பி.எஸ்.ஏ. என்ற தர மதிப்பீட்டு நிறுவனம் அட்டைகளுக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் திருப்பித் தருகிறது. மட்டை படாத பந்தால் புகழ்பெற்றவருக்கு, யார் கையும் படாத அட்டைதான் உயர்ந்த விலை.

பழசு என்று சொல்ல வாய் வராவிட்டாலும், 1989 ஃபிளீர் கம்பெனியின் ரேண்டி ஜான்சன் அட்டையையும் சேர்த்துத்தான் ஆக வேண்டும். ஒன்பது பருவங்களில் முதலிடம் பிடிக்கப்போகும் அந்த நெட்டை மனிதருக்குப் பின்னால், மைதானத்தில் ஒரு மார்ல்பரோ சிகரெட் விளம்பரப் பலகை. சிறுவர் அட்டையில் சிகரெட்டா என்று பதறிய ஃபிளீர், அச்சுக்கு அச்சு பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கச் செய்து கடைசியில் மறைத்தே விட்டது. சிகரெட் தெளிவாகத் தெரியும் அட்டைக்குத்தான் இன்று கிராக்கி.