மூணு மீட்டர் கம்பியும் மூணு மைல் ஆசையும்

ஏலே பேராண்டி, அமெரிக்காவுல வீடு வாங்குன, காரு வாங்குன, எல்லாஞ் சரி. இப்ப ஏ.எம். ரேடியோ ஸ்டேஷன் வைக்கப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கியாமே? உங்கம்மை போன்ல சொல்லிச் சிரிக்கா. லைசென்ஸ் இல்லாமலே வைக்கலாமாம், மூணு மைலுக்குக் கேக்குமாம். யார்ல சொன்னா? டிரான்ஸ்மிட்டர் வித்தவனா? அவன் சொல்லத்தான் செய்வான்.

தாத்தனும் வால்வு ரேடியோ காலத்துலருந்து பெட்டி பிரிச்சவன். ஒரு ரகசியம் சொல்லுதேன், கேளு. நீ எத்தன மைல்னு தேடுத சட்டத்துல தூரமே எழுதல! அங்க ரேடியோவக் கண்காணிக்குத எஃப்.சி.சி.காரன் வெவரமானவன். தூரத்த எழுதிவச்சா நீ மண்ணு மேலயும் மழை மேலயும் பழியப் போட்டுட்டு நழுவிருவேல்லா? அதனால உன் கையில இருக்கிறத மட்டும் அளந்தான். பதினஞ்சாம் பாகம், 219-ஆம் பிரிவு. 510-லேருந்து 1705 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும், டிரான்ஸ்மிட்டரோட கடைசிக் கட்டத்துக்குள்ள போற பவர் 100 மில்லிவாட்டத் தாண்டப்புடாது. உள்ள போறதச் சொல்லுதான்ல. வெளிய வாறது அதுலயும் கொறச்சல். ஆன்டெனா, அதுக்குப் போற கேபிள், தரைக்கு இறங்குத கம்பி, இந்த மூணையும் சேத்து 3 மீட்டர். அம்புட்டுதான் உன் சாம்ராஜ்யம்.

அங்க பெரிய ஏ.எம். ஸ்டேஷன்காரனுக்கு 50,000 வாட் வரைக்கும் அனுமதி. உன்னவிட 5 லட்சம் மடங்கு. நீ போட்டிக்குப் போ, தாத்தன் கைதட்டுதேன். அதுவும் 1700 கிலோஹெர்ட்ஸ்ல அலைநீளம் 176 மீட்டர். கால்பங்கு ஆன்டெனா வைக்கணும்னாலே 44 மீட்டர் வேணும். நீ 3 மீட்டர் நட்டா, கமலைக் கிணத்துல முழக்கயிறு விட்ட கதைதான். பவர்ல முக்காவாசிக்கும் மேல கம்பிலயும் மண்ணுலயும் சூடாப் போயிரும்.

உன் மூளை எங்க போகும்னு எனக்குத் தெரியும்லே. பெட்டியக் கூரை மேல ஏத்திட்டு, 'இடிக்குப் பயந்து எர்த் போட்டேன்'னு 30 அடிக்குக் கம்பிய இறக்குவ. அந்தக் கம்பியே ஆன்டெனாவாப் பாடும். நல்ல யோசனைதான்! ஆனா நீ பொறக்கிறதுக்கு முந்தியே பல பேருக்கு வந்த யோசனை. தரைக்கம்பியும் அந்த 3 மீட்டருக்குள்ளதான்ல. மீறிக் கள்ள ஸ்டேஷன்னு மாட்டுனா, 2020-ல சட்டம் வந்தப்பவே ஒரு நாளைக்கு 1 லட்சம் டாலர் வரைக்கும் தீட்டலாம்னு இருந்துச்சு. மொத்தத்துல 20 லட்சம் டாலர் வரைக்கும். வீட்டையும் காரையும் வித்தாலும் பத்தாதே, எஞ்சாமி.

இன்னொண்ணு. நீ விதிப்படியே ஓட்டுனாலும், உன்னால லைசென்ஸ் வாங்குனவனுக்கு எடைஞ்சல்னா நீதான் நிறுத்தணும். அவனால உனக்கு எடைஞ்சல்னா? வாயப் பொத்திக்கிட்டுப் பொறுத்துக்கணும். மாமியார் வீட்டுல இருந்தவனுக்கு இது புதுசில்லல்லா.

சரி, ஆசைப்பட்டுட்ட. மேல் கோடில, 1600-க்கு அங்கிட்டு இடம் பாரு. அங்க அலை குட்டை. உன் குட்டைக் கம்பிக்குக் கொஞ்சம் ஒத்துவரும். காலியா இருக்கான்னு ராத்திரியில கேட்டுப் பாரு. பகல்ல சும்மா கெடக்குத இடத்துல, பொழுது சாஞ்சா வானத்துல மோதித் திரும்பி வெளியூர்க்காரன் வந்து உக்காந்துருவான். கையால செய்யத் தெரிஞ்சா சொந்த உபயோகத்துக்கு 5 பெட்டி வரைக்கும் சான்றிதழ் வேண்டாம். கடையில வாங்குனா சான்றிதழ் முத்திரையப் பாத்து வாங்கு.

தூரம் எவ்வளவுன்னு கேட்டா, எஃப்.சி.சி. வாயால வாற கணக்கு சுமார் 200 அடி. நல்ல மண்ணு, நல்ல கார் ரேடியோ அமைஞ்சா இன்னுங் கொஞ்சம் நீளும். அந்த 200 அடிக்குள்ள எத்தன வீடு இருக்கு? அதுல எத்தன பேர் ஏ.எம். பெட்டி வச்சிருக்கான்? அப்ப நீதான் வீடு வீடா ஏறிப் பெட்டியும் குடுத்து, 'இத்தன மணிக்குத் திருப்புங்க'ன்னும் சொல்லணும். அப்படி ஏறுத அன்னைக்கே சொல்லவேண்டியத நேர்ல சொல்லிப்புடேன்ல. உன் வாய் எத்தன வாட்னு எந்த எஃப்.சி.சி.யும் அளக்க வராது.