செதிலில்லாத சிற்றரசன்

கேள்வி: கடலின் மிக ஆழத்தில் வாழும் மீன் எது? சுறாவா?

பதில்: 3,000 மீட்டருக்குக் கீழே சுறாவைக் காண்பதே அரிது. அந்தப் பட்டம் நத்தைமீன் குடும்பத்துக்கு. அதில் ஒருவர் மரியானா நத்தைமீன். குவாம் தீவை ஒட்டிய மரியானா அகழியில் 7,000 முதல் 8,000 மீட்டர் ஆழம் வரை குடியிருக்கிறார். நீளம் ஏறக்குறைய ஒரு சாண். செதில் கிடையாது, தோல் வழியே ஈரலே தெரியும். ஒளிவுமறைவு இல்லாத பிறவி!

கேள்வி: அந்த அழுத்தத்தில் நசுங்கிவிடாதா?

பதில்: அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் சுமார் 800 மடங்கு. நசுங்குவதற்கு உள்ளே காற்றுப்பை வேண்டுமே, அதுதான் இல்லை. எலும்பு முழுதாக இறுகவில்லை. மண்டை ஓடுகூட முழுதாக மூடவில்லை. தலைக்கனம் இல்லாதவர்களுக்கே அங்கே பிழைப்பு.

கேள்வி: கும்மிருட்டில் கண் எதற்கு?

பதில்: பெயருக்குத்தான். ஒளியை உணர்வதற்கான மரபணுக்கள் பலவற்றை இது இழந்துவிட்டதாக 2019-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

கேள்வி: சாப்பாடு?

பதில்: அகழி ஆங்கில ‘வி’ வடிவில் இருப்பதால் மேலிருந்து விழும் இரையெல்லாம் சரிந்து அடியில் சேர்கிறது. அதைத் தின்ன ஆம்பிபாட் என்னும், இறாலுக்குத் தூரத்து உறவான சிற்றுயிர்கள் மொய்க்கின்றன. அவற்றை நம்மவர் வாயால் உறிஞ்சி, தொண்டைக்குள் இருக்கும் இரண்டாவது தாடையால் அரைக்கிறார். இவரைத் தின்னப் பெரிய மீன் எதுவும் அங்கே இல்லை. பந்தியும் உண்டு, பகையும் இல்லை. பிறகு ஏன் மேலே வரப்போகிறார்?

கேள்வி: பெயர் வைத்தது யாருக்காக?

பதில்: 1875-ல் ‘சேலஞ்சர்’ கப்பல் கயிறு இறக்கி இந்த அகழியை முதலில் அளந்தது. அதில் இருந்த அதிகாரி ஹெர்பர்ட் ஸ்வையர். 2017-ல் இந்த இனத்துக்கு ‘சூடோலிபாரிஸ் ஸ்வைரி’ என்று பெயரிட்டார்கள். 142 ஆண்டு காத்திருந்து கிடைத்த மரியாதை.

கேள்வி: மீன்தொட்டியில் வளர்க்கலாமா?

பதில்: கானாங்கெளுத்தியை இரையாக வைத்த பொறியில் பிடிக்கலாம். ஆனால் ஜெல்லி போன்ற உடம்பு, மேலே உள்ள வெதுவெதுப்பான நீரில் குழைந்துபோகும். கண்ணாடித் தொட்டியை மிச்சப்படுத்துங்கள்.

கேள்வி: இன்னும் கீழே போகுமா?

பதில்: போகாது. அழுத்தத்தில் புரதங்கள் குலையாமல் காக்க இதன் உடம்பில் ஒரு வேதிப்பொருள் உண்டு; செத்த மீனின் வாடைக்கு மூலமும் அதுவே. ஆழம் கூடக்கூட அது அதிகம் வேண்டும். 8,200 – 8,400 மீட்டருக்குக் கீழே போனால் அது அளவுமீறி, கடல்நீர் உடம்புக்குள் புகத் தொடங்கும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. 2022-ல் ஜப்பானுக்குத் தெற்கே படமெடுக்கப்பட்ட மற்றொரு நத்தைமீன் 8,336 மீட்டரில் இருந்தது. இதுவரை அதுவே சாதனை. மரியானா அகழியின் அடியோ சுமார் 10,900 மீட்டர். கடைசி இரண்டரை கிலோமீட்டரில் மீனே கிடையாது.