அதிரசம் கிலோ என்ன விலை?

தீபாவளிக்கு அதிரசம் கிலோ என்ன விலை என்பது ராணுவ ரகசியம் இல்லை. கடை வாசலில் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியே வைத்திருப்பார்கள். அதே கடையின் வெப்சைட்டுக்குப் போனால் முதலில் வெள்ளைத் திரை. பிறகு நடுவில் கடையின் முத்திரை, அதைச் சுற்றி ஒரு வட்டம். வட்டம் சுற்றுகிறது. போனை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிக்கிறோம்; சுற்றுகிறது. ஏரோப்ளேன் மோடில் போட்டு எடுக்கிறோம், முதலிலிருந்து சுற்றுகிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து பார்த்தால் பால் பொங்கியிருக்கிறது, வட்டம் மட்டும் அப்படியே. இந்த வருடமும் இதே கூத்துதான் என்பதால் எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுவது நல்லது. போன் நம்பரை இவர்கள் எங்கே கொண்டுபோய் ஒளித்துவைக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அது தனி வயிற்றெரிச்சல், கடைசியில் வருகிறேன்.

வெப்சைட் ஏன் இப்படி நகர்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். செய்துகொடுத்தவர் ஹோஸ்டிங் சரியில்லை என்பார். ஹோஸ்டிங்காரர் நெட்வொர்க் என்பார். முதலாளியோ, ‘நமக்கு நல்லாத்தானே சார் ஓடுது’ என்பார். மூவரில் உண்மை பேசுகிறவர் முதலாளி ஒருவர்தான். அவருக்கு நன்றாகத்தான் ஓடுகிறது. ஒருமுறை இறக்கிய படங்களை ப்ரவுசர் தூக்கி எறிவதில்லை. போனுக்குள்ளேயே ஓர் ஓரத்தில் பத்திரப்படுத்திக்கொள்ளும். கேஷ் என்பது இதைத்தான். தினமும் கல்லாவுக்கு ஊதுபத்தி காட்டிய கையோடு தன் வெப்சைட்டையும் ஒருமுறை திறந்து பார்த்துப் பூரிக்கிறவருக்கு வெளியிலிருந்து அநேகமாக எதுவும் வர வேண்டியதில்லை. எல்லாம் அவருடைய சட்டைப்பையிலேயே இருக்கிறது. போதாததற்குக் கடையில் ஃபைபர் இணைப்பு வேறு. ஆக, அந்த வட்டத்தை ஊரே பார்த்திருக்கிறது. அதை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உள்ளவர் மட்டும் பார்த்ததே இல்லை. நோய் இதுதான் என்பது என் கட்சி. மற்றதெல்லாம் அறிகுறி. சந்தேகம் இருந்தால் பார்சல் கட்டும் பையனின் போனை வாங்கி, வைஃபையை அணைத்துவிட்டு, இன்காக்னிட்டோவில் திறந்து பார்க்கட்டும். கல்லாவில் உட்கார்ந்து பழகியவருக்கு அது ரொம்ப நீளமான ஒரு நிமிடமாக இருக்கும்.

அந்த நிமிடத்தில் என்னதான் வந்துகொண்டிருக்கிறது? பெரும்பாலும் படங்கள். முகப்பில் படங்கள் மாறி மாறி ஓடும் ஸ்லைடர் ஒன்று இருக்கும்; ஸ்லைடர் இல்லாத வெப்சைட்டுக்கு இந்த ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள். அதில் ஐந்து படங்கள், போனில் எடுத்ததை எடுத்தபடியே ஏற்றியவை. ஒவ்வொன்றும் 4000க்கு 3000 பிக்சல் புள்ளி, சுமார் 4 எம்பி. எம்பி என்றால் முதலாளிகளுக்கு மனதில் தைக்காது. ஆகவே நமக்குத் தெரிந்த படிக்கல்லில் நிறுத்துப் பார்ப்போம். வெப் பக்கங்களில் வழக்கமாகத் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் ஆகும். அம்மா என்று எழுதினால் புள்ளியும் காலும் சேர்த்து ஐந்து குறியீடு, 15 பைட். இந்தக் கணக்கில் திருக்குறளின் 1330 குறளும், குறளுக்கு ஏழு சீர் வீதம் 9310 சீரும், மொத்தமாகக் கால் எம்பிக்குள் அடங்கிவிடுகின்றன. இந்தக் கால் எம்பியை இனி ஒரு வள்ளுவர் என்று வைத்துக்கொள்வோம். ஜாங்கிரித் தட்டின் ஒரு படம் 16 வள்ளுவர். ஸ்லைடர் மொத்தமும் 80 வள்ளுவர். கன்னியாகுமரிக் கடலில் ஒரே ஒரு வள்ளுவரை 133 அடிக்கு நிறுத்துவதற்கு எத்தனை வருடப் பாடு. இங்கே ஒரு பலகாரக் கடை 80 பேரை வரிசையாக நிறுத்தி, பதினாறு பதினாறு பேராக மூன்றரை நொடிக்கு ஒருமுறை இடமிருந்து வலமாகத் தள்ளுகிறது. இதே படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது தானே சுருக்கிவிடும். 150 கேபி ஆகிறது என்று வைத்தால், அறத்துப்பால் முழுதும், பொருட்பாலில் பாதிக்கு மேலும். ஜாங்கிரி அதிலும் ஜாங்கிரியாகத்தான் தெரிகிறது. நாம் தேடிவந்த விலைப்பட்டியலோ, நாற்பது பலகாரத்தின் பெயரும் விலையும், 3 கேபி. அதாவது இரண்டு அதிகாரத்துக்குள். இருபது குறளுக்குக் குறைவான சரக்கைக் கொண்டுவர 80 வள்ளுவர்கள் பல்லக்குத் தூக்குகிறார்கள். சுமந்து வந்து வாசலில் நின்றபிறகு, பல்லக்கில் இருக்கும் விலைப்பட்டியல் போன வருடத்தினுடையது. (கம்பராமாயணத்தை வைத்தும் கணக்குப் போடலாம், ஆனால் பத்தாயிரம் பாடலுக்கு மேல் உள்ள நூலைப் படிக்கல்லாக வைத்தால் ஜாங்கிரிக்கு அவமரியாதையாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.)

படம் இல்லாமல் பலகாரம் விற்க முடியுமா என்று கேட்பார்கள். முடியாது; பண்டத்தைக் கண்ணில் காட்டத்தான் வேண்டும். படம் வேண்டாம் என்று யார் சொன்னது? பல போன்களின் திரை 1080 புள்ளி அகலம். அதில் 4000 புள்ளிப் படத்தை இறக்கினால் ப்ரவுசர் அதைச் சுருக்கித்தான் காட்டும். வந்த புள்ளிகளில் பதினாலில் பதின்மூன்று பங்கு யார் கண்ணிலும் படாமல் போகிறது. ஒற்றை ஆள் உட்கார்ந்த இலையில் பதினாலு பேர் சோற்றைக் கொட்டி, பதின்மூன்று பேர் சோற்றை வழித்து எறிந்துவிட்டு, ‘சாப்பிடுங்க’ என்பது போல. கல்யாண வீட்டில் இதைச் செய்தால் சமையல்காரரைச் சம்பந்தியே துரத்திவிடுவார். படங்களைச் சுருக்கவென்றே கூகுள் 2010லேயே வெப்பி என்ற படவகையைக் கொண்டுவந்துவிட்டது. அதுகூட வேண்டாம், படத்தைத் தனக்குத்தானே வாட்ஸ்அப்பில் அனுப்பி, வந்ததை எடுத்து ஏற்றினாலே முக்கால் வியாதி தீர்ந்தது. இவ்வளவு எளிய வைத்தியம் என்பதுதான் இதன் குறை. பில் போட முடியாத வைத்தியத்தை யார் சொல்வார்கள்?

ஹோஸ்டிங்கின் மேல் பழியே இல்லை என்று சொல்ல வரவில்லை. விலை மலிவு என்று எங்கோ அமெரிக்காவில் இருக்கும் சர்வரில் இடம் பிடித்திருந்தால், சென்னையிலிருந்து போய்வர ஒரு நடைக்குக் கால் நொடி ஆகும். இணைப்புப் பிடிக்க ஒரு நடை, பாதுகாப்புக்கு ஒரு நடை, அதற்கப்புறம்தான் கேட்ட பொருளுக்கு ஒரு நடை. சர்வர் மும்பையில் இருந்தால் இது கண்சிமிட்டும் நேரம். ஆனால் அங்கேயும் கடைக்காரர் பிடிவாதம் ஒன்று இருக்கிறது. வேர்ட்பிரஸ் என்ற வெப்சைட் கட்டும் மென்பொருளில் செய்த பக்கத்தை, ஏற்பாடு எதுவும் செய்யாவிட்டால், வருகிற ஒவ்வொருவருக்கும் சர்வர் புதிதாகத் தயாரிக்கும். வாடிக்கையாளர் வந்து நின்றபிறகு அரிசியை ஊறப்போட்டு, இடித்து, பாகு காய்ச்சி அதிரசம் சுடுகிற கடை உண்டா? முதல் நாளே சுட்டுக் கண்ணாடி அலமாரியில் அடுக்கிவைக்கத் தெரிந்தவர்களுக்கு, பக்கத்தையும் அப்படிச் சுட்டு அடுக்கிவைக்கலாம் என்று சொல்ல ஆள் இல்லை. சொல்ல வருகிறவர்களும் ‘ஸ்பீடு ப்ளக்இன்’ ஒன்றைப் போடுகிறார்கள். அது சரியாக அமையாதபோது இன்னொன்று. வயிற்றுப்போக்குக்கு மாத்திரை, அந்த மாத்திரைக்கு ஒரு மாத்திரை.

அந்த வட்டத்துக்கு வருகிறேன். அதற்கு ப்ரீலோடர் என்று பெயர். தீம் எனப்படும் பல ரெடிமேட் வடிவமைப்புகளில் பக்கத்தின் கடைசிப் படம் வந்து இறங்கும்வரை அது விலகாது. அடியில் இருக்கும் எழுத்து எப்போதோ வந்துவிட்டது, விலையும் வந்துவிட்டது. எல்லாவற்றின் மேலும் ஒரு படுதாவைப் போர்த்தி, படுதாவில் ஒரு வட்டத்தைச் சுழலவிட்டிருக்கிறார்கள். கடை திறந்திருக்கிறது, பண்டம் இருக்கிறது, கல்லாவில் ஆளும் இருக்கிறார். மாடியில் தொங்கவிட வேண்டிய சீரியல் லைட்டு இன்னும் வரவில்லை என்பதற்காக ஷட்டரை இறக்கிவைத்திருக்கிறார்கள். மெதுவாக இருப்பதைக்கூட மன்னிக்கலாம். மெதுவாக இருப்பதற்குக் காசு கொடுத்து அலங்காரம் செய்வதை மன்னிக்க மனம் வரவில்லை.

இப்போதுதான் 5ஜி வந்துவிட்டதே என்பது அடுத்த வாதம். 2022 அக்டோபரில் வந்தது, உண்மை. பஸ்ஸில் ஊருக்குப் போகிறவர் பலகாரக் கடையைத் தேடும் இடத்தில் அது இருக்கிறதா என்பது வேறு விஷயம். வேகத்தைச் சோதிக்க கூகுளே ஒரு கருவியைச் சும்மா கொடுக்கிறது; மொபைல் சோதனையில் அது வைத்துக்கொள்ளும் வேகம் நொடிக்கு 1.6 மெகாபிட். அந்தக் கணக்கில் 80 வள்ளுவர் வந்துசேர நூறு நொடி. அது கொடுக்கும் மதிப்பெண் 50க்குக் கீழே என்றால் சிவப்பு, 90ஐத் தொட்டால் பச்சை. சிவப்பு வந்தால் செய்துகொடுத்தவர் பக்கத்திலுள்ள ‘டெஸ்க்டாப்’ பொத்தானை அழுத்திக் காட்டுவார். அங்கே பெரும்பாலும் மார்க் கூடும். கணக்கில் பெயிலான பையன் டிராயிங் மார்க்கை முதலில் காட்டுவான் அல்லவா?

இன்னொரு கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள்: நம் கடையில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்று வாங்குகிறார்கள், வெப்சைட்டில் ஒரு நிமிடம் நிற்க மாட்டார்களா என்று. வரிசையில் நிற்கிறவனுக்கு நெய் வாசனை வருகிறது. ருசி பார்க்க ஒரு துண்டு மைசூர்பாகு கையில் கிடைக்கிறது. தனக்குப் பின்னால் நாற்பது பேர் நிற்கும் பெருமிதம் வேறு. வட்டத்தில் ஒரு வாசனையும் இல்லை. கம்ப்யூட்டர் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1993லேயே எழுதிவைத்தார்: ஒரு நொடி வரை மனிதனின் எண்ண ஓட்டம் அறாது, பத்து நொடி தாண்டினால் கவனம் வேறு எங்காவது போய்விடும். பலகார விஷயத்தில் அந்த வேறு எங்காவது என்பது எதிர்க்கடை.

பகட்டு இல்லாவிட்டால் மதிப்பார்களா என்கிறவர்கள், வாரன் பஃபெட் கட்டி வளர்த்த பெர்க்‌ஷயர் ஹாத்தவேயின் வெப்சைட்டைப் பார்க்கலாம். உலகின் மிகப்பெரிய கம்பெனிகளில் ஒன்று. பல வருடங்களாக வெறும் எழுத்து, கொஞ்சம் லிங்க். திறப்பதற்கு முன்பே திறந்துவிடுகிறது. சொன்னால், ‘அவங்க பலகாரம் விக்கலையே சார்’ என்பார்கள். விற்கிறார்கள். 1972இல் ஸீஸ் கேண்டீஸ் என்ற மிட்டாய்க் கம்பெனியையே வாங்கியவர்கள் அவர்கள். அது தனி வெப்சைட், அதில் படங்கள் உண்டு, ஆகவே என் வாதம் இங்கே கொஞ்சம் நொண்டுகிறது, பரவாயில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஸ்லைடர் ஏன் போகாது என்றால், அதில் இருப்பவை படங்கள் அல்ல, உறவுகள். முதல் படம் கடையை ஆரம்பித்த தாத்தா, மாலை போட்டது. எடுக்கலாம் என்று வாய் திறக்க முடியுமா? இரண்டாவது, இரண்டாம் கிளை திறப்பு விழா. ரிப்பன் வெட்டுகிறவர் இப்போது பதவியில் இல்லை, ஆனால் வரலாம். மூன்றாவது ஜாங்கிரி. நான்காவது, வெப்சைட் செய்துகொடுத்த மச்சினருக்குப் பிடித்த சூரிய அஸ்தமனம். பலகாரத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் வீட்டில் இரண்டு நாள் சாப்பாடு கிடைக்காது. போன் நம்பரைப் பற்றிச் சொல்வதாக இருந்தேன். அது ஐந்தாவது படத்தில், படத்தோடு படமாக இருக்கிறதாம். இன்னும் வரவில்லை.