அப்ரூவலுக்கு ஒரு பிளான், மேஸ்திரிக்கு ஒரு பிளான்

தமிழ்நாட்டில் புதிதாக வீடு கட்டப்போகிறவர்கள் கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் வீட்டுக்கு இரண்டு பிளான் உண்டு என்பது. ஒன்று அப்ரூவலுக்கு, மற்றது மேஸ்திரிக்கு. அப்ரூவல் பிளானில் வீட்டைச் சுற்றிக் காற்று உலாத்தும். முன்னால் வட்டமாக ஒரு மரம் வரைந்து பச்சை அடித்திருப்பார்கள். மேஸ்திரியின் பிளான் காகிதத்தில் இருக்காது. அவர் பிடிக்கும் நூல்கயிற்றில் இருக்கும். அந்தக் கயிறு காம்பவுண்டு சுவர் வரைக்கும் போகும், சில சமயம் அதையும் தாண்டும்.

"செட்பேக் எவ்வளவு சார் விடணும்?" என்று கேட்கிறவரை இந்தத் தொழிலில் யாரும் வெறுப்பதில்லை. பரிதாபமாகப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

சுவருக்கும் மனை எல்லைக்கும் நடுவே காலியாக விட வேண்டிய இந்த இடத்துக்கான விதியில் ஒரு குழப்பமும் கிடையாது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் வந்தன. முன்பக்கம் எவ்வளவு விட வேண்டும் என்பதைத் தெருவின் அகலம் முடிவு செய்யும். பக்கவாட்டில் எவ்வளவு என்பதை மனையின் அகலமும் கட்டடத்தின் உயரமும் முடிவு செய்யும். சின்ன வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் என்று போகும். உயர்மாடிக் கட்டடம் என்றால் நாலாபுறமும் குறைந்தது 7 மீட்டர், தீயணைப்பு வண்டி சுற்றி வருவதற்கு. பத்தாம் வகுப்புப் பையனுக்கும் புரியும் கணக்குதான். வீட்டு உரிமையாளருக்குப் புரிவது வேறு கணக்கு.

அரை கிரவுண்டு மனை, 30-க்கு 40 அடி. இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் விட்டால் அகலத்தில் ஆறரை அடி போச்சு. நாற்பதடி நீளத்துக்கு 260 சதுர அடி. சதுர அடி 8,000 ரூபாய் என்று வைத்தால் 20 லட்சத்துக்கு மேல். இருபது லட்சத்தை வெயிலுக்கும் காற்றுக்கும் தாரை வார்ப்பதா? அதில் ஒரு ரூம் போட்டால் பேச்சிலர் பையன்கள் மூன்று பேருக்கு வாடகைக்கு விடலாமே!

இதே மனிதர் வாஸ்துக்காரரிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்று பாருங்கள். வடக்கிலும் கிழக்கிலும் தாராளமாக இடம் விடு என்றால் மறுபேச்சு இல்லாமல் விடுகிறார். ஈசானிய மூலையில் அரையடி உறுத்துகிறது என்றால் எழுப்பிய சுவரை இடித்துக் கட்டுகிறார். குபேரன் கேட்டால் இடம் கிடைக்கிறது. தெருவில் தீப்பிடித்தால் ஓடி வரப்போகிற தீயணைப்பு வீரன் கேட்டால் "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்" என்ற பதில் கிடைக்கிறது.

சரி, இவ்வளவுக்கும் பிறகு நீங்கள் விதிப்படி மூன்றடி விட்டுவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். பக்கத்து மனைக்காரர் விடவில்லை. அவர் சுவர் எல்லைக்கோட்டின் மேலேயே எழும்பும். அவர் ஜன்னலுக்கு வெளிச்சம் உங்கள் மூன்றடியிலிருந்து போகும். அவர் ஏசியின் அவுட்டோர் யூனிட் உங்கள் மூன்றடிக்குள் அனல் ஊதும். அவர் சன்ஷேட்டில் விழும் மழை உங்கள் சமையலறைச் சுவரில் ஓதம் ஏற்றும். கேட்டால், "சும்மா கிடக்குற இடம்தானே அண்ணே" என்பார்.

இதற்கெல்லாம் தண்டனை கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. அதன் பெயர் வரன்முறைப்படுத்துதல். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவைச் செருகினார்கள். 1999 பிப்ரவரி 28-க்குள் விதிமீறிக் கட்டியவர்கள் பணம் கட்டினால் போதும், பாவம் கழுவப்படும். இது ஒரே ஒரு முறைதான் என்ற நம்பிக்கையில் உச்ச நீதிமன்றமும் 2000-இல் இதை ஏற்றுக்கொண்டது. தீர்ப்பின் மை காய்ந்ததோ இல்லையோ, கடைசித் தேதி நகர்ந்தது. மறுபடி நகர்ந்தது. 2002 வரை நகர்ந்துகொண்டே போனது. பொறுத்துப் பார்த்த சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. இடிக்க வேண்டிய நேரம் வந்ததும் 2007-இல் அவசரச் சட்டம் வந்து மீறலுக்குக் குடை பிடித்தது. 2012-இல் 113-சி என்று இன்னொரு பிரிவு பிறந்தது. இந்த முறை தேதி 2007 ஜூலை 1. தமிழ்நாட்டில் எத்தனையோ திட்டங்கள் ஆட்சி மாறினால் சாகும். இந்த ஒரு திட்டத்துக்கு மட்டும் எல்லா ஆட்சியிலும் ஆயுள் கெட்டி.

இதிலிருந்து ஒரு குடிமகன் என்ன கற்றுக்கொள்வான்? விதிப்படி கட்டியவனுக்கு இருபது லட்சம் நஷ்டம். மீறியவனுக்கு ஒரு சலான். நேர்மையாக இருந்ததற்கு வட்டியாவது கொடுத்தார்களா என்றால் அதுவும் இல்லை.

2011 அக்டோபர் கடைசியில் தி. நகர் ரங்கநாதன் தெருவில் கடைகளுக்கு சீல் வைத்தார்கள். அடடா, சட்டம் எழுந்து நின்றுவிட்டது என்று ஊரே வாய்பிளந்தது. தை பிறந்தது, பொங்கல் வியாபாரத்துக்காகக் கதவும் திறந்தது. பிறகு 2017 மே 31 அன்று அதே தி. நகரில், உஸ்மான் சாலையில், பல மாடி ஜவுளிக்கடை ஒன்று தீப்பிடித்தது. உள்ளே போக வழியில்லாமல் வீரர்கள் வெளியே நின்று தண்ணீர் பீய்ச்சினார்கள். பகலும் இரவுமாக எரிந்து கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது, மிச்சத்தை இடித்துத் தள்ளினார்கள். விடிகாலையில் பிடித்த தீ என்பதால் வாடிக்கையாளர் யாரும் உள்ளே இல்லை. அதே தீ தீபாவளிக்கு முந்தின ஞாயிறு மாலை பிடித்திருந்தால்? விதி எழுதியவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் மீட்டர் கணக்கு போட்டார்கள். கையெழுத்துப் போட்டவர்கள்தான் கேட்கவில்லை.

மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மழைநீர் சேகரிப்புக் குழி ஒவ்வொரு வீட்டிலும் கட்டாயம். குழி இருக்க வேண்டிய இடம் செட்பேக். செட்பேக் மேல் டைல்ஸ், டைல்ஸ் மேல் புல்லட். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஹாலுக்குள் வந்த தண்ணீரைப் பார்த்து "ஏரியை ஆக்கிரமிச்சிட்டாங்க" என்று கொதித்தவர்களில் எத்தனை பேர் தங்கள் வீட்டில் ஒரு கைப்பிடி மண் தெரிகிற மாதிரி வைத்திருந்தார்கள்?

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமும் என்றால் இணையத்தில் விண்ணப்பித்து, விதிப்படிதான் கட்டுவேன் என்று நீங்களே சான்றளித்துக் கட்டணம் செலுத்தினால் அனுமதி வந்துவிடும். அலைச்சலும் கவரும் மிச்சம் என்பதால் நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் கட்டி முடித்த பிறகு டேப்பைப் பிடித்துக்கொண்டு வந்து அளக்கப்போவது யார்? சின்ன வீடுகளுக்கு நிறைவுச் சான்றும் தேவையில்லை. தன் தேர்வுத்தாளைத் தானே திருத்தச் சொன்னால் நாற்பது மார்க் போட்டுக்கொள்கிற உத்தமன் எந்த ஊரில் இருக்கிறான்?

ஆகவே தைரியமாகக் கட்டுங்கள். பிளானில் மரத்தைப் பெரிதாகவே வரையச் சொல்லுங்கள், காசா பணமா. கிரகப்பிரவேசத்துக்கு அப்ரூவல் போட்ட அதிகாரியையும் கூப்பிடுங்கள், கட்டாயம் வருவார். கார் நிறுத்த இடமில்லாமல் நாலு தெரு தள்ளி விட்டுவிட்டு வேர்த்து விறுவிறுத்து வந்து, "வீடு நல்லா அடக்கமா வந்திருக்கு" என்று சொல்லி இலையில் உட்காருவார்.